பன்னிரண்டு ஸ்குருக்களும் ஒரு துளி எண்ணெயும்

அக்டோபர் 8, 1995. ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கடை பூட்டு. செய்ய வேண்டியவை:

லீலா டீச்சர் மெஷினுக்கு பெல்ட்.
கான்வென்ட் மெஷின், நூல் அறுகிறதாம். ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், வேறென்ன.
குடைக்கம்பி ஒன்று.
தங்கை ரெத்தினம் வீட்டுக்குப் போய் அவள் புருஷன் தங்கையனிடம் பேசுவது. (பேசியாயிற்று. பிரயோசனமில்லை.)

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை தையல் மெஷின் உலகின் ஏக சக்கரவர்த்தி நான். என் ஸ்குரு டிரைவரைக் கண்டால் மெஷின்கள் தாமே எழுந்து ஓடும். அப்படிப்பட்ட நான் இன்று ரெத்தினத்தின் அடுக்களையில் காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காரணம் ஒரு காட்டுப்பன்னி.

பெருங்கடவிளைப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து இறங்கி, இரண்டு வாரமாக எங்கள் கொல்லயில் ஊரின் மரச்சீனிக்கிழங்கு விளைகளில் குடியிருப்பு. அளவு: அம்பாசடர் காருக்கு ரோமம் முளைத்தது போல். (பொய். பெரிய கன்றுக்குட்டி அளவு. அதுவே போதும்.) போன வாரம் புல்லறுத்துக்கொண்டிருந்த லில்லியின் தொடையைக் கிழித்துவிட்டது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் பதினேழு தையல். இதில் ஒன்றையும் நான் கூட்டவில்லை.

வனத்துறை ரேஞ்சு ஆபீசிலிருந்து சுடுவதற்கு அனுமதிக் கடலாசு வந்துவிட்டது. சுடப்போவது பட்டாளத்தார் குமாரதாஸ் (இனி ப.). லைசென்ஸ் உள்ள ரைஃபிள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான். புதன் காலை ஆட்கள் தகரம் தட்டிப் பன்னியைக் கனால் கரைக்குக் கலைப்பார்கள். கரை திரும்பும் இடத்தில் ஒருவன் நின்று, அது ஊருக்குள் ஓடாமல் ப. பக்கம் மடக்கிவிட வேண்டும். அந்த ஒருவன் நம் தங்கையன்.

"துப்பாக்கிக்கு நேரயா நிக்கப் போற?"

"நேரே இல்ல மச்சான், வலத்தோட்டு, வலப்பக்கமா கொறச்சு மாறி. ரெண்டு தெங்கு தூரம் உண்டு. பட்டாளத்தாரு குறி வச்சா ஈச்சைக்க கண்ணுல அடிப்பாரு. நீரு பேடிக்காதயும்."

நானா பேடிக்கிறவன்? வரும் வழியில் ரப்பர் தோட்டத்தில் ஒரு கம்பு ஒடிந்த சத்தம். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

மழை இல்லை. காலை எட்டு மணிக்கே ப. ஆள் விட்டார். அரசவை அழைப்பு.

விஷயம் இதுதான். ரைஃபிளின் மேல் தூரத்தைக் கிட்டே காட்டும் ஒரு குழாய். ஸ்கோப் என்று பெயர். துபாயிலிருக்கும் மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்து பொருத்தியது. வெடிக்கும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. அந்த உதையில் ஸ்குருக்கள் மெல்ல மெல்ல இளகுகின்றன. குழாய் ஒரு மயிரிழை ஆடினால் போதும். அந்த மயிரிழை நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு சாண்.

"அஞ்சு வெடிக்கு மேல நிக்கமாட்டேங்குது மேஸ்திரி. சின்ன ஸ்குருவுக்கு உமக்க கைதான் ராசி."

அடித்தகட்டுக்கு நாலு, குழாயைப் பிடிக்கும் இரண்டு வளையத்துக்கும் சேர்த்து எட்டு. ஆகப் பன்னிரண்டு. அப்போஸ்தலர் கணக்கு. பெயர் சொல்லிக் கழற்றினேன்: பேதுரு, அந்திரேயா, யாக்கோபு... ப.வின் மனைவி சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்திவிட்டாள்.

பிறகு என் முப்பது வருஷப் பழக்கம்: ஒவ்வொரு ஸ்குருவின் புரிக்கும், அதாவது மரைக்கும், ஒரு துளி மெஷின் எண்ணெய். கடல்காற்று அடிக்கிற ஊர், எண்ணெய் காணாத ஸ்குரு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் பன்னிரண்டும் உள்ளே போயின. அதன்மேல், இளகாதிருக்க, நெயில் பாலிஷ். தங்கையன் மகள் ஷீபாவிடம் இரவல் வாங்கியது. ரோஜா நிறம். ராணுவத் தளவாடத்துக்கு இதற்குமுன் இப்படியொரு அலங்காரம் நடந்திருக்காது.

மத்தியானம் கல்வெட்டாங்குழியில் வைத்து மூன்று வெடி. தோட்டா அதிகமில்லை என்று மூன்றோடு சரி. முதல் இரண்டும் தகரத்தின் நடுவில். மூன்றாவது ஒரு சாண் வலது பக்கம்.

"விசை இழுக்கும்போ மூச்சு விட்டுப்போட்டேன் டே," என்றார் ப.

நானும் அப்படித்தான் என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

வெயில். கான்வென்ட் மெஷின்: ஊசி திருப்பிப் போட்டிருந்தது. சிஸ்டரிடம், உலகில் மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த மிக நுட்பமான கோளாறு என்றேன்.

சாயங்காலம் ஷீபாவின் பாலிஷ் குப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பாதி குப்பி காணல்ல. நீங்க காலுக்கும் போட்டியளா?"

"பீரங்கிக்குப் போட்டேன் மக்கா. இப்பமே நீயும் போட்டுப் பாரு."

"இப்பமா? எண்ணெக் கையில இது பிடிக்குமா மாமா! நாளைக்குத் தோலு மாதிரி உரிஞ்சு போவும்."

சிரித்தேன். வீடு வரும்வரை சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். வாசலில் வந்துதான் கீழே இறக்கினேன்.

எண்ணெய்க் கையில் பிடிக்காது. எண்ணெய்ப் புரியில்?

அந்த மூன்றாவது வெடி.

இல்லை. ப. மூச்சு விட்டார். அவரே சொன்னார். தவிர, இரும்பு வேறு, நகம் வேறு. போய்ச் சொன்னால், "சக்கரவர்த்திக்கு ஸ்குரு முறுக்கத் தெரியாதாம்" என்று சந்தை முழுக்க நாறும். நாளை ஒரே வெடி. ஒரே ஒரு வெடிக்குத் தாங்காதா?



அக்டோபர் 11, புதன்

 எழுத்து கோணல்.

மூடுபனி. ஆறரைக்குத் தகரச் சத்தம். ப. கனால் கரையில் முட்டி போட்டு. நான் அவருக்குப் பின்னால் ஒரு பிலாமரத்தில் ஏறி உட்கார்ந்தேன். போர்க்களத்தை மேற்பார்வையிட என்று சொல்லிவிட்டு. கரை திரும்பும் இடத்தில் தங்கையன், தென்னையை ஒட்டி, கையில் எண்ணெய்த் தகரம்.

பன்னி வந்தது. கறுப்பாக, சத்தமில்லாமல், இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல். தங்கையன் தகரத்தைத் தட்டினான். அது மடங்கியது. பின்னால் உயரமான மண்கரை. வெடி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

வெடி.

பன்னி விழவில்லை. தங்கையன் விழுந்தான்.

பிலாவிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கையில் தோல் இல்லை. ஓடினேன். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு கீறல், தென்னையின் சிராய் தெறித்தது. அவன் தலைக்கு ஒரு முழம் பக்கத்தில் மரத்தில் ஓட்டை. என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று. ஏன் விட்டுப் பார்த்தேன்?

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றான். "சத்தத்தில விழுந்துபோட்டேன்."

ஆட்கள் கூடினார்கள்.

"பட்டாளத்தாருக்குக் கண்ணு போச்சு வேய்."

"கண்ணில்ல, கை. வயசு என்னவாக்கும்?"

"சீனாக்காரன வெடி வச்ச கதையெல்லாம் அப்பம் புளுகா?"

ப. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.  தங்கையன் முன்னால் வந்து, பெரிய மனுஷர், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பு மக்கா" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நாலடி தூரம். 

அக்டோபர் 12, வியாழன்

மழை. கடை திறந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. பாபின் போடாமலே ஒரு மெஷினை அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்.

பயங்களின் பட்டியல்:
சொன்னால் ப. அடிப்பார்.
சொன்னால் போலீஸ்.
சொன்னால் ரெத்தினம். (முதல் இரண்டும் பரவாயில்லை.)
சொல்லாவிட்டால் சனி.

ஆம், சனி. பஞ்சாயத்து மெம்பர் இன்று ப.விடம் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, சனிக்கிழமை மறுபடி கலைப்பது என்று முடிவு. நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் வழியில் பன்னி குறுக்கே ஓடியதாம். மறுபடியும் கரைத்திருப்பத்தில் தங்கையன். வேறு ஆளை நிறுத்தச் சொல் என்று அவனிடம் மன்றாடினேன்.

"நான் மாறினா ஊரு என்ன சொல்லும்? பட்டாளத்தாரை நம்பல்லன்னு சொல்லும். அந்த மனுஷன் நேற்று எனக்க கையப் பிடிச்சாரு. நான் அங்ஙனதான் நிப்பேன்."

இந்த மடையனுக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது யார்? நான்.

மத்தியானம் ப. வீட்டுக்குப் போனேன். திட்டம்: "சும்மா ஒரு சர்வீஸ்" என்று ரைஃபிளை வாங்கி, யாருக்கும் தெரியாமல் எண்ணெயைத் துடைத்து, முறுக்கிவிட்டு, சரித்திரத்திலிருந்து மறைவது. ப.வின் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு. தொடவே மாட்டேங்கியாரு. நேற்று ஒறக்கமில்ல. சுவரில ஒரு புள்ளி வச்சுக்கிட்டு, ஒரு கண்ண மூடி, மறுகண்ண மூடி, விடியவிடியப் பாத்துக்கிட்டிருந்தாரு. வலது பக்கமாப் போவுதுன்னு அந்தக் குழாயில குறி திருத்துத திருகையும் இடத்தோட்டு மாத்தி வச்சிருக்காரு. சனிக்கிழம கழிஞ்சா லைசென்ஸக் கொண்டு ஒப்படைக்கப் போறாராம்."

திருகை மாற்றிவிட்டார். குழாய் ஆடுகிறது என்று தெரியாமல், ஆடின குழாயை நம்பி. இனி அடுத்த குண்டு வலது பக்கமா, இடது பக்கமா, மேலா என்று பன்னிக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது.

உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். நான் கோழை. இதில் மிகைப்படுத்தல் கிடையாது.

அக்டோபர் 13, வெள்ளி

சொன்னேன்.

ஆறு மணிக்கே போனேன். குளிக்கவில்லை. ப. முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒரு பிரமாதமான முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். அதில் கடல்காற்று, தட்பவெப்பம், துபாய் இரும்பின் தரம் எல்லாம் உண்டு. வாயிலிருந்து வந்தது:

"ஐயா, உங்க கண்ணில்ல. நான் புரியில எண்ணெய் விட்டுப்போட்டேன்."

வாய் கொப்பளித்தார். உள்ளே போனார். அடிக்கக் கம்பு எடுக்கப் போகிறார் என்று நான் செருப்பைக் காலில் சரியாக மாட்டிக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரைஃபிளை மடியில் வைத்து, முன்வளையத்தில் ஒரு ஸ்குருவின் மேல் பெருவிரல் நகத்தை வைத்துத் திருகினார்.

திரும்பியது. ஸ்குரு டிரைவர் இல்லாமல், நகத்துக்கே. ரோஜா நிறப் பாலிஷ் செதில் செதிலாக அவர் வேட்டியில் உதிர்ந்தது.

அதைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கிக் குலுங்கி... சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

"எலே, ரெண்டு ராத்திரி. எனக்க கண்ணு போச்சுன்னு நெனச்சிட்டேன் டே."

நான் குனிந்து அவர் வேட்டியிலிருந்த செதில்களைப் பொறுக்கினேன்.

"பட்டாளத்தில துப்பாக்கி பழுது பாத்து நன்னாக்குத ஒருத்தன் உண்டு. எண்ணெக் குப்பிய அந்தப் புரிக்க பக்கமே கொண்டுவர விடமாட்டான். எனக்கும் தெரியும். நீ எண்ணெ விட்டப்பம் நான் உனக்க வாயப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திட்டேன். அது எனக்க பிழை."

பிறகு வேலை. வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக வேலை செய்ததில்லை. பன்னிரண்டையும் கழற்றி பெட்ரோலில் ஊறவைத்து, தீக்குச்சியில் துணி சுற்றித் துளைகளைத் துடைத்து, மறுபடி துடைத்து, வெயிலில் காயவைத்து. துணியில் கறுப்பு வருவது நின்றபிறகும் இன்னொரு தடவை. முதலில் அடித்தகடு. பிறகு வளையங்கள், ஒரே மூலையை முழுதாக முறுக்காமல் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் எதிர்மூலை. ஒரு பக்கம் கூடினால் குழாய் நசுங்கும். இந்தத் தடவை பாலிஷ் புரியின் உள்ளேயே, துளி. கடைசியில் ஒவ்வொரு ஸ்குருவின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு மெல்லிய கோடு. ஸ்குரு அசைந்தால் கோடு உடையும், கண்ணுக்குத் தெரியும். கோடு ப.வின் யோசனை.

அப்போஸ்தலர் பெயரெல்லாம் இன்று சொல்லவில்லை.

சாயங்காலம்வரை காயவிட்டு, தோட்டா போனால் போகட்டும் என்று கல்வெட்டாங்குழியில் ஆறு வெடி. முதல் இரண்டில் திருகைச் சரிசெய்தார். மற்ற நாலும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு கோடும் நேர்.

கிளம்பும்போது ப. சொன்னார்:

"தங்கையன்ட்ட நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கிக்கு முன்னால நிக்கப் போறவன் தெரிஞ்சுதான் நிக்கணும். நீ சொல்லல்லன்னா நாளைக்கு நான் வெடி வைக்கமாட்டேன்."

ராத்திரி தங்கையன் வீட்டுக்குப் போனேன். ரெத்தினம் மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாள். அவள் இருக்கும்போது எப்படிச் சொல்வது? பன்னி ஒரு லாரியை மறித்த கதை சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, சனி

எல்லாம் முடிந்தது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஆறு மணிக்குக் கரைத்திருப்பம். பிலா பக்கம் இன்று போகவில்லை. தங்கையன் தென்னையில் சாய்ந்து உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் அந்த ஓட்டை.

"மாப்பிள, ஒரு காரியம் சொல்லணும்."

"பன்னி வருத நேரத்திலயா?"

சொன்னேன். நாலு வாக்கியம். நான் இதுவரை பேசியதிலேயே சின்னப் பேச்சு. எண்ணெய் விட்டது, பாலிஷ் பிடிக்காமல் போனது, ப.வின் கண்ணில் குறையில்லை, நேற்று சரிசெய்தது.

பீடி அணைந்துவிட்டது. அவன் மறுபடி பற்ற வைக்கவில்லை.

"எண்ணெயில பிடிக்காதுன்னு நீரு எப்பிடி அறிஞ்சீரு?"

"ஷீபா சொன்னா."

"எப்பம்?"

இந்த இடத்தில் ஒரு பொய் போதும். வியாழன் என்று சொன்னால் முடிந்தது. நான் பொய்க்கே பிறந்தவன்.

"செவ்வா."

"வெடி வச்சது புதன்."

"ஆமா."

"நீரு பிலாவில கேறி இருந்தீரு."

"ஆமா மாப்பிள."

தூரத்தில் தகரச் சத்தம் தொடங்கிவிட்டது. கரையிலிருந்த ப.வுக்கு, சொல்லியாயிற்று என்று கையைத் தூக்கிக் காட்டினேன். "எட்டி அடியுங்கலே!" என்று மெம்பரின் குரல். தங்கையன் என்னைப் பார்க்கவேயில்லை. எழுந்து, மரத்தின் பின்னால் அரையடி நகர்ந்து நின்றான்.

"இங்ஙன நில்லும்."

ஒரு தென்னைக்குப் பின்னால் ஒன்றேகால் ஆள் நிற்கலாம். நான் கால் ஆள் போக மீதி வெளியே. இடது தோள், இடது கால், குடலில் பாதி. ஓடிப்போகலாம். ஓடவில்லை. வீரம் ஒன்றுமில்லை, பக்கத்தில் தங்கையன் நின்றான். மனசுக்குள் எண்ணினேன்: பேதுரு நேர், அந்திரேயா நேர், யாக்கோபு நேர்... ஏழாவது பெயர் வரவில்லை. எத்தனை வருஷ வேதபாடம், ஏழாவது பெயர் வரவில்லை.

மரச்சீனி இலை அசைந்தது. தங்கையன் தகரத்தை அடித்தான். என் காதுக்குப் பக்கத்தில். பன்னி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பியது. சின்னக் கண். பிறகு மடங்கியது.

வெடி.

கண்ணை மூடியிருந்தேன். எதுவும் விழுந்த சத்தமில்லை, மரத்தில் அடித்த சத்தமும் இல்லை. திறந்தேன். மண்கரையின் அடியில் பன்னி முன்கால் மடிந்து கிடந்தது, தூங்குகிற மாதிரி. ஒரே வெடி. காதுக்குப் பின்னால்.

ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ப. எழுந்திருக்கவில்லை. ரைஃபிளைக் கிட்டே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்து, தூரத்திலிருந்து எனக்குத் தலையை ஆட்டினார்.

அதற்குள் வனத்துறை கார்டு வந்துவிட்டார். சுட்ட பன்னியை யாரும் தின்னாதபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும் என்பது சட்டம். "குழி நல்லவண்ணம் ஆழம் வேணம். மண்ணெண்ண எவிடே?"

"இவ்வளவு இறச்சியும் மண்ணுக்கா ஏமானே! கண்ணு அவியும்!"

"ஒரு துடை மட்டும்..."

"ஒரு வாலும் இல்லா. ஒழிக்கெடா மண்ணெண்ண."

குழி வெட்டினது தங்கையன். நானும் ஒரு மண்வெட்டி எடுத்துப் போனேன். எனக்கு இடம் விட்டு நகர்ந்து, முதுகைக் காட்டி வெட்டினான். ஊர் முழுக்க ப.வைச் சுற்றி. "கண்ணில்லன்னு சொன்னவன் யாரு?" என்று கேட்டவன்தான் புதன்கிழமை அதைச் சொன்னவன். ப. கூட்டத்தை விலக்கி, எல்லார் முன்னாலும், "அன்னைக்கு ஸ்குரு இளகியிருந்து. இப்பம் மேஸ்திரி சரியாக்கியாச்சு," என்றார். ஏன் இளகியது என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. என் தோளில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு அடி.

சாயங்காலம் ரெத்தினம் கடைக்கு வந்து போனாள். "நீ அவருக்ககூடவே நின்னியாமே? சொன்னாரு."

"வேற என்ன சொன்னான்?"

"வேற என்ன? அவ்வளவுதான். ஏன், வேற என்ன உண்டு?"

அக்டோபர் 15, ஞாயிறு

மழை விட்டு விட்டு. கோயிலில், ஞாயிறு ஆராதனையில், தங்கையன் மூன்று வரிசை முன்னால். வழக்கமாக, முடிந்ததும் வாசலில் நின்று, "மெசினு மன்னரே, காப்பி உண்டா?" என்பான். இன்று குடையை விரித்துக்கொண்டு நேராகப் போய்விட்டான். ஷீபா மட்டும் திரும்பிப் பார்த்து நகத்தைக் காட்டினாள். புதுப் பாலிஷ். சிரிக்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. ரேடியோவைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு ஸ்குரு மிச்சம்.

நாலரை மணிக்கு வாசலில் நிழல். தங்கையன். தோளில் ரெத்தினத்தின் தையல் மெஷின், தலைப்பகுதி மட்டும், மழை படாமல் சாக்கில் பொதிந்து. ஒரு கிலோமீட்டர் சுமந்து வந்திருக்கிறான். மேசைமேல் இறக்கி வைத்தான். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"சரியா ஓடல்ல. பாரும்."

"என்ன கோளாறு மாப்பிள?"

"எனக்கு என்ன அறியும்? நீருதானே மெக்கானிக்கு."

போய்விட்டான். சாக்கை விட்டுவிட்டான்.

பிரித்துப் பார்த்தேன். ஊசி, பாபின், பல், இழுவை, சக்கரம். துணி கொடுத்து ஓட்டினேன். மணியான தையல். மறுபடி பிரித்து மறுபடி ஓட்டினேன். இப்போது மூன்றாவது தடவை. ஒரு குறையும் இல்லை.

நாளை தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். என்ன கோளாறு இருந்தது என்று கேட்டால், சிஸ்டரிடம் சொன்னது போல் நுட்பமான கோளாறு எதுவும் சொல்வதற்கில்லை. ஒன்றுமில்லை மாப்பிள என்றுதான் சொல்ல வேண்டும்.